இரண்டு கோடிப் பேருக்கு விஷம்

தொலைபேசி அலறியது!

இன்ஸ்பெக்டர் எடுத்தார். மனைவி.

"என்னங்க... விஷம் வெச்சுட்டாங்க! ரெண்டு கோடி பேருக்கு!"

"எந்த ஊர்ல?"

"என் ஆய்வுத் தட்டுல! உங்க ரத்தத்துல இருந்து ரெண்டு கோடி வெள்ளணு எடுத்தேனே... அதுக்கு!"

"அப்ப விஷம் வெச்சது எனக்கா?"

"ஆமா. வெச்சது உங்க தங்கச்சி!"

பன்னிரண்டாவது நிமிடம் ஆய்வகத்தில் இருந்தார். அங்கே பாட்டில் கழுவும் வேலை பார்க்கும் தங்கை மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அஞ்சு மணிக்கு டைரக்டர் என்னை வேலையை விட்டுத் தூக்கப் போறார். அண்ணிதான் புகார் எழுதிக் குடுத்தாங்க!"

ஆராய்ச்சிக்கார மனைவி இரண்டு தட்டுகளைக் காட்டினாள்.

"இதுல கிருமி விஷம் போட்டேன். அதுல எதுவுமே போடலை. ஜீன் அனுப்பற செய்தியை செல்லு வெட்டி ஒட்டித்தான் படிக்கும். நிம்மதியா இருந்தா ஒரு வெட்டு... எதிரி வந்தா வேற வெட்டு. இப்ப ரெண்டு தட்டுலயும் போர் வெட்டு! செல்லு தீவனம் வெச்ச பாட்டிலை இவ ஒழுங்கா கழுவலை!"

"பொய்! நூத்தி இருபத்தோரு டிகிரி நீராவில வேகவெச்சேன். ஒரு கிருமி உயிரோட இருந்தா காதை அறுத்துக்கறேன்!"

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். இருபது வருடப் போலீஸ் புத்தி... ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"எல்லாம் செத்துச்சு. சரி... பாடி எங்கே?"



மனைவியின் முகம் வெளுத்தது.

"ஐயோ... பாட்டில்லயே! கிருமி செத்தாலும் அதோட தோல்ல இருக்கற விஷம் நீராவிக்கு அசையாது. இருநூத்தம்பது டிகிரி அடுப்புல அரை மணி நேரம் வெச்சாத்தான் போகும். அந்தப் பிணத்தைப் பார்த்துத்தான் செல்லுங்க போருக்குக் கிளம்பியிருக்கு!"

"அதாவது கொலைகாரனே பிணம்! சரி, கிருமியை பாட்டிலுக்குள்ள விட்டது யாரு?"

தங்கை பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பினாள்.

அடியில்... அழியாத மையில்... 'கிருமிக் கரைசல். கழுவப் போடாதே!'

"கையெழுத்து யாரோடதுண்ணா?"

இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். தினமும் அவர் சட்டைப் பையில் இருக்கும் மளிகைச் சீட்டின் கையெழுத்து!

"நானேதான் மறந்து கழுவற தொட்டியில போட்டிருக்கேன்..." மனைவி முனகினாள்.

மணி நாலு ஐம்பத்தெட்டு!

பாய்ந்து தொலைபேசியை எடுத்தாள். "டைரக்டர் சார்... என் புகாரைக் கிழிச்சுப் போடுங்க. குற்றவாளி நான்தான்!"

வைத்தாள். விலங்குக்குக் கைகளை நீட்டினாள்.

"தண்டனையை நீயே சொல்லும்மா," என்றார் இன்ஸ்பெக்டர் தங்கையிடம்.

தங்கை கண்ணைத் துடைத்தாள். அடுப்பைத் திறந்தாள்.

"இருநூத்தம்பது டிகிரி, அரை மணி நேரம். உள்ள வெக்கறது பாட்டிலையா, அண்ணியையான்னு மட்டும் சொல்லுண்ணா!"