இரவல் அழுகை

ஸ்பூனால் டம்ளரில் தட்டுவதை அவள் நிறுத்திய பிறகும் அந்தச் சத்தம் கேட்டது.

ஒத்திகைக் கூடம் ஒரு பழைய கிடங்கின் மேல்மாடியில் இருந்தது. மூன்று பக்கமும் கறுப்புத் திரை, தரையில் கறுப்பு விரிப்பு, எத்தனை ஜன்னல் திறந்தாலும் போகாத தூசி வாடை. டம்ளர் எதிரே ஸ்டூலின்மேல் இருந்தது. ஸ்பூன் அவள் கையில் அசையாமல் இருந்தது. சத்தம் திரைக்குப் பின்னாலிருந்து மெதுவாக, யாரோ தூக்கக் கலக்கத்தில் தட்டுவதுபோல வந்து, பிறகு ஓய்ந்தது. நடிப்பு மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வகுப்பில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. ஏதாவது குழாயாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கல்லூரியில் அவளுக்கு வெண்கலம் என்று பெயர். கடைசி வரிசைவரை கணீரென்று போகும் குரல். அது அம்மா கொடுத்த சீதனம். அம்மா தையல்காரி. மிஷின் ஓடும்போது வாசலில் நிற்கும் ஆளோடு பேசிப் பேசியே தொண்டையைத் தீட்டி வைத்திருந்தாள்.

இரண்டாம் ஆண்டில் எல்லோரும் செய்தாக வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. தன் வாழ்க்கையின் மிக மோசமான பொழுதை ஒருவர் மேடையில் நடித்துக் காட்ட வேண்டும், வாரா வாரம், அச்சு மாறாமல். மனசு மறந்தாலும் உடம்பு தானாகச் செய்ய வேண்டும், அதுவரை விடக் கூடாது என்பார் மாஸ்டர். யாருடையது நன்றாக அமைகிறதோ அவருக்கே ஆண்டு நாடகத்தில் முக்கிய வேடம். அந்த வேடத்துக்காக வெண்கலம் எதையும் கொடுக்கத் தயாராக இருந்தாள். ஆனால் கொடுப்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. ஒரே பெண், செல்லப் பெண். அப்பாவும் அம்மாவும் கல்லுக்குண்டுபோல் இருந்தார்கள். அவள் அழுத அழுகையெல்லாம் கணக்குப் பரீட்சையோடு சரி.

அதனால் அறைத்தோழியின் துக்கத்தை எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணைப் பூனை என்பார்கள், நடந்தால் சத்தமே வராது. ஒருமுறை மின்சாரம் போயிருந்தபோது, முகம் தெரியாத இருட்டு தந்த தைரியத்தில், பூனை அதைச் சொன்னாள். அவள் அம்மா படுக்கையில் கிடந்தாள், வாய் பேச வராது. தாகம் எடுத்தால் ஸ்பூனால் டம்ளரில் தட்டுவாள். ஒரு சாயங்காலம் அப்பா வெளியே போயிருந்தார். பக்கத்து அறையில் அசதியாகப் படுத்திருந்த பூனைக்குத் தட்டும் சத்தம் கேட்டது. எழுந்து போகவில்லை. போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள். தட்டும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. இதை யாரிடமும் சொன்னதில்லை என்றாள் பூனை.

வெண்கலம் அதை வகுப்பில் தன் கதையாக நடித்தாள்; அம்மாவாக டம்ளரில் தட்டினாள், மகளாகப் படுத்து இல்லாத போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள். உயிரோடு இருக்கும் அம்மாவை மேடையில் சாகடித்தாள். பூனை கதவருகே நின்று முழுதும் பார்த்துவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்தப் புளுகோ வாரத்துக்கு வாரம் மெருகேறிக்கொண்டே போனது. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டால் பார்ப்பவர்கள் நெளிவார்கள் என்று அவளே அளந்து வைத்தாள். கண்ணீர்கூட முதலில் இடது கண்ணில்தான் வந்தது, அதை எல்லோரும் சிலாகித்தார்கள்.

முதல் தடவை நடித்த மறுநாள் அம்மா போனில் தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். ஊருக்கே ஓசி மைக் நின்றுவிட்டது என்று அப்பா பின்னாலிருந்து கேலி செய்தார். அடுத்த தடவைக்குப் பிறகு வெறும் காற்றுதான் வந்தது. அதற்கும் பிறகு கால் மரத்துப்போய் மிஷினை மிதிக்க முடியவில்லை. டாக்டர்கள் எதையெதையோ எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் புலப்படவில்லை. வெண்கலத்துக்குப் புலப்பட்டது. கரிநாக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். விடுதிக் குளியலறையில் ஈர வாடையோடு, தண்ணீர் சொட்டும் சத்தத்துக்கு அடியில், அந்தத் தட்டல் கேட்டது.

மாஸ்டரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். அவர் அறை வாசலில் நின்றாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, நாடகத்தில் முக்கிய வேடம் அவளுக்குத்தான், நாளை தேர்வாளர்கள் முன்னால் ஒரே ஒரு முறை செய்தால் போதும் என்றார். வந்த வார்த்தையை அவள் விழுங்கிக்கொண்டாள். ஒரே ஒரு முறைதானே.

செய்தாள். அதுபோல அவள் அதுவரை நடித்ததில்லை.

கைதட்டல் ஓய்வதற்குள் அப்பா போனில் கூப்பிட்டார்.

"அம்மாவுக்குப் பேச்சு சுத்தமா நின்னு போச்சும்மா. படுத்த படுக்கையா ஆயிட்டா. தண்ணி வேணும்னா டம்ளர்ல தட்டுறா."

"தட்டச் சொல்லி நீங்க ஸ்பூன் குடுத்தீங்களாப்பா?"

"நான் எங்க குடுத்தேன்? அவளேதான் எடுத்தா."

பஸ்ஸில் போகும் வழியெல்லாம் பூனையின் எண்ணை அழைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பூனை எடுத்தாள். வெண்கலம் மன்னிப்புக் கேட்டாள், கூட்டத்தின் நடுவே வெட்கமில்லாமல் அழுதுகொண்டு, காலில் விழுகிறேன், உன் துக்கத்தை நீயே திரும்ப வாங்கிக்கொள் என்று கெஞ்சினாள்.

பூனையின் குரல் நிம்மதியாக இருந்தது. "எத்தனையோ வருஷமா கேட்டுட்டே இருந்த சத்தம்டி அது. நீ நடிச்ச அன்னிக்கு நின்னுச்சு. இப்ப நல்லாத் தூங்குறேன். எங்கம்மா எப்படிப் போனாங்கன்னு நினைச்சுப் பார்த்தா, காய்ச்சல்ல போன மாதிரிதான் ஞாபகம் வருது."

"ப்ளீஸ்டி."

"வாங்கிக்க மாட்டேன்," என்றாள் பூனை. போனை வைத்துவிட்டாள்.

வீடு மருந்து வாடை அடித்தது. மிஷின்மேல் பாதி தைத்த ஜாக்கெட் கிடந்தது. கட்டிலில் அம்மா இவ்வளவு சிறியவளாக எப்போது ஆனாள் என்று தெரியவில்லை. மகளைப் பார்த்துக் கண் மட்டும் சிரித்தது. வெண்கலம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். வேடம் வேண்டாம், படிப்பே வேண்டாம், இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்றாள். டம்ளரை நிறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். அம்மா கண்ணை மூடினாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் அப்பா மருந்து வாங்கப் புறப்பட்டார். அம்மாவைப் பார்த்துக்கொள் என்றார். கதவு சாத்தும் சத்தம், செருப்புச் சத்தம், கடைசியில் கேட் கிறீச்சிடும் சத்தம் எல்லாம் அடங்கும்வரை அவள் நாற்காலியை விட்டு அசையாமல், கட்டில் சட்டத்தை இறுகப் பற்றிக்கொண்டு, அம்மாவின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கம் வரவில்லை. இமைகூட கனக்கவில்லை.

பிறகு, பக்கத்து அறையில் படுத்திருந்தாள்.

எப்போது எழுந்தாள், எப்படி நடந்து வந்தாள், தெரியவில்லை. தலையணையில் கன்னம். சுவரைப் பார்த்து ஒருக்களித்து, மேடையில் படுப்பது போலவே.

டிங்.

எழ வேண்டும். கால் எழவில்லை. கையை ஊன்றப் பார்த்தாள். கை ஊன்றவில்லை. அது போர்வையின் ஓரத்தைத் தேடிப் போனது. தேடவேண்டியதே இல்லை, அதற்கு இடம் தெரிந்திருந்தது. விரல்கள் மடங்கின. பிடித்தன.

வேண்டாம், என்றாள் உள்ளுக்குள். வேண்டாம்.

போர்வை தலைக்குமேல் வந்தது.

டிங்.

வர்றேம்மா என்று கத்தப் பார்த்தாள். கடைசி வரிசைவரை கேட்கும் குரல். வரவில்லை. அந்த இடத்தில் அவளுக்கு வசனம் கிடையாது.

இடைவெளி. அவள் அளந்து வைத்த அதே இடைவெளி.

டிங்.

இன்னும் நீண்ட இடைவெளி. போர்வைக்குள் தன் மூச்சின் சூடு. இடது கண்ணில் கண்ணீர் வந்தது.

டிங்.

வலது கண்ணிலும் வந்தது. தோள்கள் குலுங்கின, ஒரு பிசகும் இல்லாமல், இதுவரை அவள் அழுததிலேயே அருமையாக. பக்கத்து அறையில் ஸ்பூன் தரையில் விழுந்தது.

கை போர்வையை விடவில்லை.