இடது பக்க பல்ப்

போன் அடித்தது.

காலை ஏழு மணி பத்து நிமிடம். ஷெட்டின் ஷட்டரை அவர் பாதிதான் தூக்கியிருந்தார். மீதிப் பாதிக்கு முதுகு ஒத்துழைக்கவில்லை.

முப்பத்தொரு வருடமாக வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிற மனிதர். சொந்தப் பெயர் அவருக்கே சட்டென்று ஞாபகம் வராத அளவுக்கு ஊர் முழுக்க அவர் 'ஃப்யூஸ்'. சின்னவர்கள் மரியாதைக்கு ஒரு 'அண்ணன்' சேர்த்துக் கொள்வார்கள்.

"ஃப்யூஸ் அண்ணனா?"

பெண் குரல். விடிய விடிய விழித்திருந்த குரல்.

"ஆமா. ஷெட் எட்டு மணிக்குத்தான்மா."

"ஸ்டேஷன்லேர்ந்து எஸ்.ஐ. பேசறேன். மரக்கடை பிக்கப்புக்கு ஹெட்லைட் மாத்தினது நீங்கதானே?"

"ஆமா மேடம். எட்டு நாள் ஆச்சு. ஏன், எரியலையா?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"எரியலைன்னுதான் சொல்றாங்க. அதனால ஒருத்தர் செத்துட்டார். டூல்ஸ் எடுத்துக்கிட்டு வாங்க."

லைன் அறுந்தது.

ஃப்யூஸ் பாதி திறந்த ஷட்டருக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்த பிக்கப்...

இருபத்திரண்டு வயதுக் கிழட்டு வண்டி. ஹெட்லைட்டைப் போட்டால் காமாலை வந்த மாதிரி ஒரு மஞ்சள். பத்தடிக்கு மேல் எட்டாது. மரக்கடை முதலாளியே நேரில் ஓட்டி வந்தார்.

"கண்ணு தெரியலைப்பா. பவரா போட்டுக் குடு."

புது ஹாலஜன் பல்புகள். புது ரிஃப்ளெக்டர். பேட்டரியிலிருந்து நேராகத் தடிமன் ஒயர், நடுவில் ரிலே. கடைசி வேலை, எர்த் போல்ட். இரண்டு விளக்குக்கும் அது ஒன்றுதான் எர்த். அது கழன்றால் இரண்டும் அவுட்.

அந்த போல்ட்டை விரலால் திருகிக் கொண்டிருந்தபோதுதான் மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, மோட்டார் நின்னு போச்சு. உடம்பெல்லாம் சோப்போட நிக்கறேன்."

ஓடினார்.

மறுநாள் காலையில் லைட் எரிந்தது. வண்டி போனது. ஆனால் அந்த போல்ட்டுக்கு ஸ்பேனர் போட்டாரா?

போட்டது மாதிரியும் இருந்தது. போடாதது மாதிரியும் இருந்தது. இந்த வயதில் எல்லாமே அப்படித்தான் இருக்கிறது.

பஸ்ஸில் போகும்போது மனைவிக்கு போன் போட்டார்.

"அன்னைக்கு நீ கூப்பிட்டப்போ நான் ஸ்பேனர் எடுக்கற சத்தம் ஏதாவது கேட்டுதா?"

"காதுல நுரை, கண்ணுல நுரை. எனக்கு என்னங்க கேட்டிருக்கும்? ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. வை."

ஸ்டேஷனுக்குப் பின்னால் மரத்தடியில் பிக்கப் நின்றிருந்தது. சுற்றிலும் கயிறு. இடது முகம் நசுங்கி, ஹெட்லைட் இருந்த இடத்தில் ஒரு பொத்தல். வலது கண்ணால் மட்டும் அவரை முறைத்தது.

எஸ்.ஐ. நாற்பது வயதுப் பெண்மணி. ஷூவுக்குள்ளிருந்து குதிகாலை வெளியே எடுத்து விட்டிருந்தாள். கையில் டீ. நேற்றுக் காலை ஆரம்பித்த டியூட்டி இன்னும் முடியவில்லை என்பது கண்ணுக்குக் கீழே கறுப்பாக எழுதியிருந்தது.

"உட்காருங்கண்ணே. விஷயத்தைச் சொல்லிடறேன். நேத்து சாயங்காலம் ஏழேகால். மரக்கடைக்குப் பின்னாடி ரோடு. தெரு விளக்கு கிடையாது. முதலாளி வண்டி ஓட்டியிருக்கார். நடந்து வந்தது அவரோட தங்கச்சி புருஷன். கடையில சரிபாதி பங்கு. ஸ்பாட்லயே முடிஞ்சிடுச்சு."

"அய்யோ..."

"ஓடிக்கிட்டிருக்கும்போதே ரெண்டு லைட்டும் பட்டுனு அணைஞ்சுதாம். கும்மிருட்டாம். ஆள் வந்ததே தெரியலையாம்." அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். "இது உங்க கையெழுத்தா?"

ஃப்யூஸ் வாங்கிப் பார்த்தார். அவர் எழுதிக் கொடுத்த பில். 'ஹெட்லைட் ஒயரிங் முழுவதும் என் பொறுப்பில் செய்து கொடுத்தேன்.' முதலாளி வார்த்தை வார்த்தையாகச் சொல்லச் சொல்ல எழுதியது. முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு பில்லை யாரும் கேட்டதில்லை. அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அவரே குடுத்தாரா மேடம்?"

"ஆம்புலன்ஸ் போய் அரை மணி நேரம்கூட ஆகலை. சட்டைப் பையிலேர்ந்து எடுத்துக் குடுத்தார்." டீயை ஒரு மிடறு விழுங்கினாள். "என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் பில்லை நாலு வருஷமா தேடிக்கிட்டிருக்கார்."

ஃப்யூஸ் பில்லை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நேராவே சொல்றேன். உங்க வேலைல தப்பு இருந்தா, கவனக்குறைவால மரணம். நீங்க உள்ள போகணும், நான் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். தப்பு இல்லைன்னா நீங்க வீட்டுக்கு, எனக்கு இன்னும் ரெண்டு நாள் தூக்கம் கிடையாது. இப்ப பானட்டைத் திறங்க. நான் பக்கத்துலயே நிப்பேன்."

திறந்தார்.

வண்டியின் ஃப்யூஸ் சரி. ரிலே சரி. ஒயரில் கருகல் இல்லை.

விரல் மெதுவாக எர்த் போல்ட்டுக்குப் போனது.

தொட்டார்.

போல்ட் சுற்றியது.

ஸ்பேனர் இல்லாமல், வெறும் விரலுக்கு, பாட்டில் மூடி மாதிரி சுலபமாகச் சுற்றியது.

ஸ்பேனர் போடவில்லை. அவர் போடவில்லை. மனைவி மேல் சோப்பு காய்ந்து கொண்டிருந்த அந்த அவசரத்தில், ஒரு மனிதனின் உயிரை அரைத் திருகில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

"என்னண்ணே?"

"ஒ... ஒண்ணுமில்லை மேடம்."

உள்ளங்கையால் போல்ட்டை மறைத்துக் கொண்டார்.

"கண்டுபிடிச்சிட்டானா?"

பின்னாலிருந்து ஒரு குரல். மரக்கடை முதலாளி. கசங்காத வெள்ளைச் சட்டை. சிவந்த கண்கள். கையில் கர்ச்சீப்.

"அனுபவஸ்தன்னு நம்பிக் குடுத்தேனேய்யா. என் தங்கச்சி வாழ்க்கையையே அணைச்சிட்டியே. என் மாப்பிள்ளை முகத்தைக்கூட நான் கடைசியா பார்க்கலை. அப்படி ஒரு இருட்டு."

கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்தார். பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார்.

"மனுஷனுக்கு மறதி சகஜம்தான்யா. ஒத்துக்கோ. வக்கீலை நான் பார்த்துக்கறேன். உன் குடும்பத்தை நடுத்தெருவுல விட்டுட மாட்டேன்."

ஃப்யூஸுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு நல்ல மனிதருக்கா இப்படிச் செய்துவிட்டோம்?

மறைத்த கையை எடுத்தார்.

"மேடம்... நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

வாயைத் திறந்தார்.

அப்போதுதான் அவர் கண் அந்தப் பொத்தலுக்குள் போனது.

நசுங்கிய தகரத்துக்கு நடுவில் ஹோல்டர் இன்னும் இருந்தது. ஹோல்டரில் பல்பின் அடிப்பாகம். கண்ணாடி போய்விட்டது. உள்ளே இருந்த இரண்டு இழைகளும் வெயிலில் தெரிந்தன.

ஒன்று பளபளவென்று...

இன்னொன்று?

"மேடம், கொஞ்சம் கிட்ட வாங்க. நான் இதைக் கழட்டறதை நீங்க பார்க்கணும்."

இடுக்கியால் மெதுவாக உருவி எடுத்தார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பம்பர் மேல் உட்கார்ந்தார். முதுகு வலி ஒரு பக்கம். இத்தனை நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சு ஒரு பக்கம்.

"முதலாளி, ஒரு சந்தேகம். லைட் அணைஞ்சு எவ்வளவு நேரம் கழிச்சு இடிச்சுது?"

"பத்து செகண்ட் இருக்கும். ஏன்?"

"ரெண்டுமே அணைஞ்சுதா?"

"எத்தனை தடவைய்யா சொல்றது? ரெண்டும்தான்."

"அணையறதுக்கு முன்னாடி லோ பீமா, ஹை பீமா?"

"லோ பீம். நான் எப்பவும் ஹை பீம் போட மாட்டேன். எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு கூசும்."

"எழுதிக்கிட்டீங்களா மேடம்?"

"எழுதிட்டேன்." எஸ்.ஐ. ஷூவுக்குள் குதிகாலை நுழைத்துக் கொண்டாள்.

ஃப்யூஸ் பல்பை அவளிடம் நீட்டினார்.

"இதுல ரெண்டு இழை இருக்கு பாருங்க. சின்னக் கிண்ணத்துக்குள்ள உட்கார்ந்திருக்கே, அது லோ பீம். கிண்ணம் இல்லாம இருக்கறது ஹை பீம். லைட் அணைஞ்சிருக்கும்போது கண்ணாடி உடைஞ்சா, இழைக்கு ஒண்ணும் ஆகாது. ஆறிப்போன கம்பிதானே, அப்படியே பளபளன்னு இருக்கும். லோ பீம் இழை அப்படித்தான் இருக்கு."

"இன்னொண்ணு?"

"எரிஞ்சுக்கிட்டிருக்கும்போது உடைஞ்சா, பழுக்கக் காய்ஞ்ச இழை மேல வெளிக்காத்து படும். கருகிடும். சுத்தி வெள்ளையும் மஞ்சளுமா மாவு மாதிரி படியும்."

எஸ்.ஐ. குனிந்து பார்த்தாள்.

கருகிய இழை. அதன் மேல் வெளிர் மஞ்சள் மாவு.

"இடிச்ச அந்த நொடியில லைட் எரிஞ்சுக்கிட்டிருந்தது மேடம். அதுவும் ஹை பீம். எதிர்ல வந்தவருக்குக் கண்ணு கூசி, எந்தப் பக்கம் ஒதுங்கறதுன்னே தெரிஞ்சிருக்காது. ஆனா ஓட்டினவருக்கு அவர் சட்டை பட்டன்கூடத் தெரிஞ்சிருக்கும். லைட்டைப் போட்டது நான். எனக்குத் தெரியாதா?"

முதலாளியின் கர்ச்சீப் பாதி வழியில் நின்றது.

"பொய்! இவன் எங்கேயோ கிடந்த பல்பைக் கொண்டு வந்து..."

"அடியில பாருங்க மேடம். ஆணியால தேதி கீறியிருப்பேன். வேற கடை பல்பைக் கொண்டு வந்து வாரண்டி கேக்கறவங்க தொல்லை தாங்காம, எல்லா பல்புலயும் கீறிடுவேன்."

அவள் திருப்பினாள். தேதி இருந்தது. பில்லில் இருந்த அதே தேதி.

"இவன் யாரு? ஒரு மெக்கானிக் பய. இவன் பேச்சைக் கேட்டுக்கிட்டு..."

"அப்படிச் சொல்லாதீங்க சார்." எஸ்.ஐ. அந்த பில்லை விரித்துக் காட்டினாள். "ஹெட்லைட்டுக்கு முழுப் பொறுப்பும் இவர்தான்னு நீங்கதானே எழுதி வாங்கியிருக்கீங்க?"

முதலாளி பில்லைப் பிடுங்க வந்தார். அவள் மடித்து வைத்துக் கொண்டாள்.

"பல்பு லேபுக்குப் போகும். அவங்க என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம். அதுவரைக்கும் நீங்க எனக்கு இன்னொண்ணு சொல்லுங்க. திங்கக்கிழமை கடையைப் பங்கு பிரிக்கறதா இருந்துதாமே? உங்க தங்கச்சி நேத்தே அழுதுக்கிட்டே சொன்னாங்க."

வெள்ளைச் சட்டை மெதுவாக மண்ணில் உட்கார்ந்தது.

"நான் ஒண்டியா வளர்த்த கடை..." யாரிடமோ சொல்வது மாதிரி முனகினார். "பாதியைக் குடுன்னா... எப்படிக் குடுப்பேன்?"

இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து ஸ்டேஷனுக்குள் தூக்கிப் போனார்கள். அந்தக் கண்களில் இப்போது நிஜமாகவே கண்ணீர் இருந்தது.

எஸ்.ஐ. பல்பை உறையில் போட்டு ஒட்டினாள். கொட்டாவி விட்டாள்.

"போச்சு. ரெண்டு நாள் தூக்கம் போச்சு. உங்களாலதான்."

"மன்னிச்சுக்கங்க மேடம்."

"இருங்க. நடுவுல ஏதோ சொல்ல வந்தீங்களே. கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. என்ன அது?"

ஃப்யூஸ் தயங்கினார். சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் இன்று இரவு படுத்தால் அந்த போல்ட் தலைக்குள் சுற்றிக் கொண்டே இருக்கும். தூங்க விடாது.

பானட்டுக்குள் கையை விட்டார். விரலால் சுற்றிக் காட்டினார்.

எஸ்.ஐ.யின் கொட்டாவி பாதியில் நின்றது.

"என்னண்ணே இது?"

"எர்த் போல்ட். நான் ஸ்பேனர் போடலை மேடம். மறந்துட்டேன். இதையும் எழுதிக்கங்க."

"அப்போ லைட் அணைஞ்சிருக்கும்?"

"எட்டு நாள் எப்படியோ தாங்கியிருக்கு. அந்தக் குண்டும் குழியுமான ரோட்டுல இன்னும் ரெண்டு நாள் ஓடியிருந்தா, கண்டிப்பா ரெண்டும் அணைஞ்சிருக்கும்."

அவள் அவரையே பார்த்தாள். அப்புறம் நோட்டை எடுத்து, பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

ஃப்யூஸ் கைகளைப் பேன்ட்டில் துடைத்துக் கொண்டு, ஸ்டேஷன் ஜன்னல் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"அவசரப்பட்டுட்டார் மேடம். ரெண்டே நாள் பொறுத்திருந்தா, அவர் சொன்ன பொய்யை நானே நிஜமாக்கிக் குடுத்திருப்பேன்."