கண்டக்டருக்கு எந்த டிப்போ?

உதியன்குளங்கரை ஜங்ஷனில் நல்ல மழை. கடையோரம் ஒதுங்கி நின்ற ஒருவன் கண்களை மூடியபடி வலது கையை மெல்ல உயர்த்தினான்... வந்த பஸ் சடக்கென்று நின்றது. அவன் ஏறவில்லை. டிரைவர் திட்டிவிட்டுப் போனார்.

பக்கத்தில் நின்ற ஜெபகுமாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பஸ்சை நிறுத்திட்டு சும்மா நிக்கியளே?"

கண் திறந்தான். அப்பப்பா, என்ன கண்... மழையை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறவனைப் போல.

"பஸ்சுக்கு இல்ல கை காட்டினது. நான் கண்டக்டராக்கும்."

"எந்த டிப்போ? நெய்யாற்றின்கரையா?"

அவன் சிரித்துக்கொண்டே மழையில் இறங்கி நடந்தான்.

பதில் அன்று மாலை, அவள் பாட்டு ஒத்திகைக்குப் போன பாறசாலை சர்ச்சில் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்குப் பல ஊர்ச் சபைகள் சேர்ந்து, வாத்தியங்களோடு பாடும் பெரிய இசை நிகழ்ச்சி. அதைக் கையசைத்து நடத்தும் கண்டக்டராக, மெட்ராஸில் இசை படித்த காஞ்சிரங்குளம் ஜோஷி வந்திருந்தான்... அவனேதான்.

முன்னால் இசைப் புத்தகம் இல்லை. நூறு பக்கத்துக்கு மேல், இத்தனை வாத்தியம், நான்கு வகைக் குரல்... அத்தனையும் மனப்பாடம். வயலின்கள் நுழைய ஒரு மூச்சு முன்பே அவன் கண் அங்கே போய்விடும். கடைசி வரிசையில் யாரோ கொஞ்சம் சுருதி இறங்கினாலும் புருவம் அசையும். மனுஷன்தானா இவன்? ஜெபகுமாரிக்குப் புல்லரித்தது.

ஆனால் அவள் தனியாகப் பாட வேண்டிய இடம் வந்தால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். சைகை இல்லாமல் அவள் பிந்தினாள். ஒவ்வொரு ஒத்திகையிலும் இதே கதை. "இனியும் தப்பினா வேற பிள்ளை பாடட்டும்" என்று பாடகர் குழுச் செயலாளர் எலியா சொல்லிவிட்டார்.

அழுகையும் ஆத்திரமுமாக வாசலில் ஜோஷியை மறித்தாள்.

"டிப்போ கேட்டதுக்காக்கும் இந்தப் பழிவாங்கலு?"

"அய்யோ, அது இல்ல..."

"எனக்க இடம் மட்டும் மறந்து போவுதா? அப்பம் புக்கு வச்சு நடத்துங்க."

அவன் முகம் சிவந்தது. "நான் இதுவரை புக்கு வச்சது இல்ல."

கர்வம் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

நிகழ்ச்சியன்று ஜோஷி தடித்த புத்தகத்தோடு வந்து, அதை விரித்து வைத்தான். பாடகர் வரிசை முழுக்க முணுமுணுப்பு. ஜெபகுமாரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். தன் வாய்தான் அவனை இப்படித் தலைகுனிய வைத்ததோ...

அவள் இடம் வந்தது. அவன் நிமிர்ந்து நேராக அவளையே பார்த்தான். கை உயர்ந்தது... பாடினாள். தன் குரல்தானா என்று அவளே வியக்கும்படி பாடினாள். முடிந்த பிறகுதான் அவன் திடுக்கிட்டுக் குனிந்து, புத்தகத்தில் விரலை ஓட்டி அடுத்த வரியைத் தேடினான்.

கூட்டம் கலைந்ததும் கேட்டாள். "எல்லாம் மனசில உண்டுல்லா... பின்ன புக்கு எதுக்கு?"

"உன்னப் பாத்தா அடுத்த வரி மறந்து போவுது. அதுக்குத்தான் பாக்காம இருந்தேன். இண்ணைக்கு எல்லாரும் சிரிச்சாலும் சரி, பாக்கணும்னு தோணிச்சு." புத்தகத்தை மூடினான். "எனக்கு உன்ன இஷ்டமாக்கும், ஜெபா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதட்டில் சிரிப்பு நிற்கவில்லை.

"மறந்தா நான் சொல்லித் தாறேன்... நீங்க பாருங்க."