எல்லார் பக்கத்திலும் ஒரு பிள்ளை

நாலாவது முதியோர் இல்லத்தில் வாடையே இல்லை. உள்ளே காலடி வைத்ததும் கிளெனுக்கு முதலில் உறைத்தது அதுதான். இதற்கு முன் பார்த்த மூன்றிலும் கதவைத் திறந்த மாத்திரத்தில் மூத்திர நெடியும், அதை அமுக்கப் பார்க்கும் எலுமிச்சை மருந்து நெடியும், வெந்து குழைந்த பட்டாணி நெடியும் ஒன்றாகச் சேர்ந்து மூஞ்சியில் அடித்தன. மூக்கைப் பொத்தவும் முடியாமல், பொத்தாமல் இருக்கவும் முடியாமல், சுற்றிக் காட்டியவர்களைப் பார்த்து இளித்துக்கொண்டே நடந்தான். இங்கே ஒன்றும் இல்லை. சோப்பு வாசனைகூட இல்லை. வெளியே பனிக்கட்டியை அள்ளி முகர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"கேக் சாப்பிடத்தானே வந்தோம்?" என்றாள் அவன் அம்மா ஆர்டிஸ், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"ஆமாம்மா. கேக்தான்."

எண்பது தாண்டியவளைக் குழந்தைப் பிள்ளை மாதிரி கேக் காட்டிக் கூட்டி வந்திருக்கிறோமே என்று அவனுக்கே கூசியது. ஆனால் வேறு என்ன செய்வது? வட மினசோட்டாவில் பனி விழ ஆரம்பித்துவிட்டால், சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவனுக்கு ராத்திரி என்று ஒன்று கிடையாது. போன் அடித்தால் போயாக வேண்டும். போன குளிர்காலம் அவன் வண்டியோடு போயிருந்த நேரத்தில் அம்மா வெறுங்காலோடு தெருவில் இறங்கி, செத்துப்போன அப்பாவைத் தேடி நடந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரன் பார்த்ததால் பிழைத்தாள். இந்த வருஷம் அந்தப் பக்கத்து வீட்டுக்காரனும் ஊரைக் காலி செய்துவிட்டான். அக்கா பெக்கியோ அரிசோனா வெயிலில் உட்கார்ந்துகொண்டு, "மகாராஜாவுக்கு இந்த எடமாவது புடிக்குதான்னு பாரு" என்று போனில் குத்திக் காட்டுவதோடு சரி.

இதெல்லாம் ஊருக்குச் சொல்கிற காரணம். உள்ளே கிடந்து அறுத்தது வேறு.

போன வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜையில், "ஆர்வில் எங்கே, இன்னும் வரலையா?" என்று அம்மா மறுபடி மறுபடி அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தபோது, கிளென் தட்டை மேஜையில் அறைந்து, "நீ எப்பதான் போய்த் தொலைவே?" என்று கத்திவிட்டான். அம்மா அழவில்லை. எழுந்து போய் கோட்டை மாட்டிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "நான் கெளம்பிட்டேன்டா. எங்க போறோம்?" என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றிலிருந்து அவளை நிமிர்ந்து பார்க்க அவனுக்கு முகமில்லை.

"வாங்க வாங்க! ஆர்டிஸ்தானே? ரோடு வழுக்குதா தம்பி?" என்று ஒரு பெண்மணி வந்தாள். லவோன் என்று பெயர் சொன்னாள். வெள்ளை முடி, நீலக் கம்பளிச் சட்டை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காபி ஊற்றிக் கொடுக்கிற பெண்களின் அதே முகம். "காபி குடிக்கிறீங்களா?"

"ஐயோ, வேணாங்க. இப்பதான் குடிச்சோம்."

"ஒரு வாய்?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"போட்டு ரெடியாத்தான் இருக்கு தம்பி."

"சரி, அப்ப ஒரு அரை கப்."

அந்தப் பக்கத்து மரியாதை அப்படி. முதல் தரம் கேட்டதும் வாங்கிக்கொள்கிறவன் பஞ்சத்தில் அடிபட்டவன். மூன்றாம் தரமும் மறுக்கிறவன் திமிர் பிடித்தவன். தாய்ப்பாலோடு ஊட்டியது இது. ஆர்டிஸ் எல்லாவற்றையும் மறந்தாள், இதை மறக்கவில்லை. அவளும் இரண்டு தரம் வேண்டாமென்று சொல்லிவிட்டுத்தான் கேக்கை வாங்கினாள்.

லவோன் அவர்களைக் கூட்டிப் போன கூடம் நீளமாக இருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல்கள், அதற்கு அப்பால் வண்டி நிறுத்துமிடம், அதற்கும் அப்பால் இலை உதிர்ந்த மரங்கள், அவற்றின் மேல் நவம்பரின் சாயங்காலம் அவசர அவசரமாக இறங்கிக்கொண்டிருந்தது. மேஜைக்கு மேஜை கிழவர்களும் கிழவிகளும். மற்ற இல்லங்களில் அவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தார்கள். இங்கே ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மகனோ மகளோ உட்கார்ந்திருந்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் பேசிக்கொண்டு. ஒருத்தர் கையிலும் போன் இல்லை. ஒருத்தரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வேலை நாளில் இத்தனை பிள்ளைகளா! கிளென் கூனிக்குறுகிப் போனான். இவர்களும் பிள்ளைகள், நானும் ஒரு பிள்ளை.

"இங்க யாரையும் நாங்க தனியா விடறதில்ல" என்றாள் லவோன்.

உட்கார்ந்த பிறகுதான் அவன் கவனித்தான். அந்தப் பிள்ளைகள் யாரும் கோட்டைக் கழற்றவில்லை. வெளியே ஈரப்பனி கொட்டுகிறது, ஆனால் ஒரு கோட்டின் தோளிலும் ஈரம் இல்லை. எல்லாரும் அவனுக்கு முதுகையோ தலையின் பின்புறத்தையோதான் காட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி மேஜையில் மட்டும் ஒரு ஆள் தனியாக, காலி நாற்காலி ஒன்றின் பக்கத்தில், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"அவரு?"

"அம்மா வர்றதுக்காகக் காத்திருக்காரு பாவம்" என்று சொல்லிவிட்டு லவோன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உங்க அம்மாவைப் பத்திச் சொல்லுங்க. தெரிஞ்சாத்தானே நாங்க நல்லா பாத்துக்க முடியும்? ஆசையா இருந்தா உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க?"

எல்லா இல்லங்களிலும் இப்படிக் கேட்பார்கள். அவன் சொன்னான். காபியில் எத்தனை கரண்டி சர்க்கரை, தூக்கம் வராவிட்டால் எந்தப் பாட்டை முணுமுணுக்க வேண்டும், குளிக்க அடம்பிடித்தால் எப்படித் தாஜா செய்ய வேண்டும், எல்லாம் சொன்னான். லவோன் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பேசிக்கொண்டிருக்கும்போதே கடைசி மேஜையிலிருந்து ஒரு முணுமுணுப்பு கேட்டது. முதலில் ராகம் பிடிபடாமல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து. அவன் இப்போதுதான் சொன்ன பாட்டு. பழைய பாட்டு, யாருக்கும் தெரிந்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

அந்த ஆள் இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். கிளெனின் கையும் அப்போது தன் இடது முழங்காலில்தான் இருந்தது. அவன் கையை எடுத்தான். அந்த ஆளும் எடுத்தான்.

"அப்பாவைக் கேட்டா என்ன சொல்வீங்க?" என்றாள் லவோன்.

கிளென் தலையைக் குனிந்தான். "செத்துட்டாருன்னு சொல்வேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும். அவங்களும் ஒவ்வொரு தடவையும் புதுசா அழுவாங்க."

"பரவால்ல தம்பி. அதுக்கும் மேல ஏதாவது சொன்னீங்களா?"

எப்படிக் கேட்டாள் அவள் அதை! காபியில் பால் வேணுமா என்று கேட்கிற குரலில். அந்தக் குரலுக்குத்தான் அவன் இத்தனை நாள் ஏங்கியிருந்தான் போலிருக்கிறது. வியாழக்கிழமை நடந்தது முழுவதையும் கொட்டிவிட்டான். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேக்கைப் பிட்டுக்கொண்டிருந்தாள், கேட்டாளோ கேட்கவில்லையோ. சொல்லி முடித்ததும் புண் உடைந்த மாதிரி ஒரு சுகம். அந்தச் சுகத்துக்காகவும் வெட்கமாக இருந்தது.

பாட்டு நின்றுவிட்டது. கூடத்தில் பேச்சு மொத்தமும் நின்றுவிட்டது. கோட்டுகளுக்குள் இருந்த அத்தனை முதுகுகளும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

கிளென் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வண்டி நிறுத்துமிடத்தில் அவனுடைய வண்டி நின்றது. வேறு வண்டியே இல்லை. இத்தனை பிள்ளைகளும் எதில் வந்தார்கள்?

"இன்னிக்கே விட்டுட்டுப் போறீங்களா?" என்றாள் லவோன்.

"ஐயோ, இல்லைங்க. சும்மா பாக்கத்தான் வந்தோம்."

"உங்களுக்கும் ஓய்வு வேணும்ல? விட்டுட்டுப் போங்களேன்."

"பரவால்லங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"எங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல தம்பி."

மூன்றாம் தரத்துக்கு வாய்தான் பதில் சொன்னது. மனசு சொல்லவில்லை. ஐம்பது வருஷப் பழக்கம் நாக்கில் உட்கார்ந்து சொன்னது.

"சரி, அப்ப உங்க இஷ்டம்" என்றான் கிளென்.

கடைசி மேஜையில் நாற்காலி நகர்ந்தது.

அந்த ஆள் எழுந்து திரும்பினான். கிளெனின் நெற்றி. கிளெனின் சப்பை மூக்கு. தாடையில் வெட்டுத் தழும்பு. ஆனால் கிளெனின் முகத்தில் இத்தனை வருஷம் உழுதிருந்த எரிச்சலும் தூக்கமின்மையும் அதில் இல்லை. கழுவித் துடைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. கண்கள் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் கீழே இருந்தது. நடந்து வர வர அதுவும் மேலேறிச் சேர்ந்துகொண்டது.

அது வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"அம்மா" என்றது. அவன் குரலில். அவனிடம் இல்லாத அன்போடு.

ஆர்டிஸ் அதைப் பார்த்தாள். பிறகு கிளெனைப் பார்த்தாள். அவள் கண்ணில் படிந்திருந்த பனிமூட்டம் விலகி, பழைய ஆர்டிஸ், ஒரே பார்வையில் பிள்ளையின் பொய்யைக் கண்டுபிடிக்கிற ஆர்டிஸ், வெளியே எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. எது பிள்ளை, எது பிள்ளை இல்லை என்று நன்றாகத் தெரிந்துவிட்டது.

"அம்மா, எந்திரி. வீட்டுக்குப் போலாம்" என்றான் கிளென்.

"வேணாம்டா" என்றாள் அவள். "நீ போ."

"அம்மா, வாம்மா. போலாம்."

"உனக்கு எதுக்குடா சிரமம்? இவனுக்கு என் மேல கோவமே இல்ல பாரு. நீ போ."

அவ்வளவுதான். அந்த வார்த்தை அவன் நெஞ்சில் இறங்கியது. கேட்டிருக்கிறாள். வியாழக்கிழமையையும் கேட்டிருக்கிறாள், இன்றையதையும் கேட்டிருக்கிறாள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுப்பது? அவன் பின்னால் நகர்ந்தான்.

"போய்ட்டு வரேன்னு சொல்லாதீங்க" என்றாள் லவோன், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு. "அதுதான் அவங்களுக்கு நல்லது."

வெளியே குளிர் அறைந்தது. இருட்டிவிட்டிருந்தது. அவன் வழுக்கி, வழுக்கி ஓடி, வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தி, சாவியைத் திருகினான். இன்ஜின் உறுமியது. ஹீட்டர் காற்றில் அம்மாவின் முகப்பவுடர் வாசனை கிளம்பியது. அப்போதுதான் உறைத்தது.

அவள் இரண்டு தரம்தான் மறுத்திருந்தாள்.

உயிரே போனாலும் முதல் தரம் சரி சொல்லாதவள். இரண்டாம் தரமும் சொல்லாதவள். மூன்றாவது தரத்துக்காக அங்கே காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கேட்கவே இல்லை.

இறங்கி ஓடினான். கதவைக் குத்தினான். கைப்பிடி இருந்த இடம் வழவழவென்று இருந்தது. கதவும் சுவரும் சேர்கிற கோடுகூட விரலுக்குத் தட்டவில்லை. "அம்மா, வா! அம்மா, வீட்டுக்கு வா!" என்று கத்தினான். குரலைப் பனி தின்றது. ஜன்னல் பக்கம் ஓடினான்.

ஜன்னல்கள் எல்லாம் மஞ்சளாக எரிந்தன. உள்ளே எல்லாரும் எழுந்து கண்ணாடியருகே வந்து நின்றார்கள். அந்த ஊர் வழக்கம். விருந்தாளி கிளம்பினால் வண்டி மறையும்வரை ஜன்னலில் நின்று கையாட்டி வழியனுப்புவார்கள். வரிசையாகக் கிழவர்கள், கிழவிகள். ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு பிள்ளை.

பார்க்க வந்தவன் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டனவோ என்னவோ, பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. மூக்கு அமுங்கியது. வாய் மூடி, மூடின இடம் தெரியாமல் போனது. கோட்டுக் கழுத்துகளுக்கு மேலே வெறும் தோல்.

கைகள் எழுந்தன. அத்தனை கைகளும். ஒரே தாளத்தில்.

அம்மாவின் கையும்.

இடம், வலம். இடம், வலம். அதை அவள் ஆட்டவில்லை. பின்னாலிருந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து அது ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் கண் அவனை விட்டு நகரவில்லை. அவள் உதடு கண்ணாடியில் ஒட்டி, ஆவி படர, திரும்பத் திரும்ப ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது: சரிடா, சரிடா, சரிடா.