தொட்டிக்குப் பின்னால் நின்றவள்

அண்ணனூர் ரயில் பணிமனைக்குப் பின்பக்கச் சந்தில் இருந்த அந்தக் கொட்டகைக்கு மைதிலி போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. கவரிங் கொலுசுகளுக்கு முலாம் பூசும் இடம். கேட்லாக்குக்குப் படம் எடுக்க வந்திருப்பதாக முதலாளி பக்தவத்சலத்திடம் சொல்லியிருந்தாள். உண்மையில் அவள் எடுக்க வந்தது உள்ளே வேலை செய்யும் குழந்தைகளை. பதினோரு வருடமாக அதுதான் அவள் வேலை. கையில் படம் இருந்தால்தான் அதிகாரிகள் அசைவார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பக்தவத்சலம் போன் பேச வாசலுக்குப் போன நேரம் பார்த்து கரண்ட் போனது. ஜன்னலே இல்லாத கொட்டகை. பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. ஆசிட் நெடி மூக்கை அறுத்தது. இருட்டுக்குள்ளிருந்து எதையோ தேய்க்கும் சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. சத்தம் வந்த பக்கம் தொங்கிய சாக்கை விலக்கிக்கொண்டு போனாள்.

தகர இடுக்கில் விழுந்த வெளிச்சத்தில் சிறுமிகள் தெரிந்தார்கள். ஆறு பேர். வரிசையாகக் குந்தி கொலுசு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருந்தது. யாரும் நிமிரவில்லை. மைதிலி சத்தமில்லாமல் நாலைந்து படம் எடுத்துவிட்டு, கேமரா திரையில் பார்த்தாள்.

ஏழு பேர்.

ஏழாவது பெண் மூலையில், பெரிய சிமென்ட் தொட்டிக்குப் பின்னால், பச்சை கவுனோடு சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். மைதிலி நிமிர்ந்தாள். அங்கே வெறும் சுவர். அடுத்த படத்துக்கு நகர்த்தினாள்.

அதில் அவள் பாதி திரும்பியிருந்தாள்.

அதற்கடுத்த படத்தைப் பார்க்க விரல் வரவில்லை.

“அக்கா,” என்று கடைசியில் உட்கார்ந்திருந்த சிறுமி கிசுகிசுத்தாள். அவள் பெயர் ரேகா என்று பிறகுதான் தெரிந்தது. “பயப்படாத. தொட்டியாண்ட நிக்கிற பூங்காவனம் இன்னாவும் பண்ணாது. வெளிய இட்னு போன்னு சொல்லிகினே கீது.”

மைதிலி அன்றே படங்களைத் தொழிலாளர் துறைக்கு அனுப்பினாள். ஏழாவது பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதினால் பைத்தியம் என்று படங்களையே ஒதுக்கிவிடுவார்கள். ஆறு பேரும் அங்கேயே கிடப்பார்கள்.

மூன்றாம் நாள் காலை தொழிலாளர் துறை அதிகாரி கங்காதரன் போலீஸோடு வந்து இறங்கினார். பக்தவத்சலம் பதறவில்லை. ஆறு பேரையும் வெளியே நிறுத்தி, எல்லாம் சொந்தக்காரப் பிள்ளைகள், லீவுக்கு வந்தவர்கள் என்றார். கங்காதரன் தலைகளை எண்ணினார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார்.

“இதுல ஏழு பேர் இருக்காங்க. பச்சை கவுன் போட்ட பொண்ணு எங்க?”

பக்தவத்சலம் படத்தை வாங்கிப் பார்த்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.

“அது எப்டி நிக்கும்?” என்றார், யாரையும் பார்க்காமல். “நான்தான அது மேல தொட்டி கட்னேன்.”

மதியம் தொட்டியை உடைத்தார்கள். ஒரு வருடத்துக்கு முன் ஆசிட் கேனோடு விழுந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக்கூடக் கொண்டுபோகாமல் அங்கே புதைத்திருந்தார். போலீஸ் அவரை அழைத்துப்போனது. உடைத்து முடியும்வரை மைதிலி நின்றாள். அன்று மட்டும் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

ஆறு பேரையும் காப்பகத்தில் சேர்த்தார்கள். ஜூனில், பள்ளியில் சேர்க்கப் படம் வேண்டுமென்று காப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள். வெயில் நிறைந்த முற்றம். புதுச் சீருடையில் ஆறு பேரும் அவளுக்குப் பத்தடி தள்ளி, சுவரோரம் நின்றார்கள். ரேகா பல் தெரியச் சிரித்தாள். மைதிலி எடுத்தாள். திரையைப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை. கேமராவை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

கழுத்தில் மாட்டியிருந்த கேமராப் பட்டை மெல்லக் கீழே இழுபட்டது.

படம் எடுத்ததும் எல்லாக் குழந்தைகளும் செய்வதுதான். எனக்குக் காட்டு என்று பட்டையைப் பிடித்து இழுக்கும். ஆனால் ஆறு பேரும் சுவரோரம்தான் நின்றிருந்தார்கள்.

பட்டை இன்னொரு தரம் இழுபட்டது, பொறுமையாக.

மைதிலி மண்டியிட்டு, கேமராவை ஒரு குழந்தையின் உயரத்துக்குத் தாழ்த்தினாள்.