இரவல் கண்கள்

அந்தக் கண்கள் நேற்று நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. மதிவதனிக்கு அது நன்றாக நினைவிருந்தது. இன்று கம்ப்யூட்டரில் அதே போல்டரைத் திறந்தபோது, உள்ளேயிருந்த ஜோடிக் கண்கள் அத்தனையும் சற்றே இடப்பக்கம் திரும்பியிருந்தன. முகம் இல்லை, புருவம் இல்லை, வெள்ளைப் பின்னணியில் வெட்டி வைத்த வெறும் கண்கள். ஆணுடையவை, பெண்ணுடையவை, வயதாகிச் சுருங்கியவை. சரியான தூக்கமில்லை, அதனால்தான் இப்படித் தோன்றுகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு, ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தாள்.

வேங்கிக்காலில் புது மனைகளுக்கு நடுவே இருந்த அந்த வீட்டில் ஒரே அறைதான். ஒரு மூலையில் சமையல், ஜன்னலோரம் கம்ப்யூட்டர் மேசை, அதற்கு இடப்பக்கம் கட்டில். கட்டிலில் உட்கார்ந்துதான் முதல் வகுப்பு படிக்கும் மகள் அபிநயா வீட்டுப்பாடம் எழுதுவாள், படம் வரைவாள், அப்படியே தூங்கியும் போவாள். கணவன் அருள்ராஜுக்கு ஆட்டோ. பௌர்ணமி வந்துவிட்டால் கிரிவலக் கூட்டத்தை ஏற்றி இறக்கிவிட்டு விடிந்த பிறகுதான் வீட்டுக்கு வருவான்.

மதிவதனி கல்யாணப் பத்திரிகையும் பேனரும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் செய்துகொடுத்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் அவள் கல்யாணத்துக்கும் முந்தியது. ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போனால், அது திறப்பதற்குள் சோறு வடித்துவிட்டு வரலாம். வந்தவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு டவுனில் இருந்த கடைகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். புதியது வாங்க வழியில்லை. கடைசியில் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெக்கானிக் வேலை பார்க்கும் முருகவேலிடம் போனாள்.

“புதுசுலாம் எதுக்குக்கா? பெட்டி நல்லாத்தான் இருக்குது. ரேம் ஒண்ணு ஜாஸ்தி பண்ணி, டிஸ்க மாத்திட்டா பறக்கும். எல்லாமே செகண்ட் ஹேண்டுலயே போட்டுத் தரேன்,” என்றான் முருகவேல். “கீழ்பென்னாத்தூர்ல ஒரு போட்டோ ஸ்டுடியோவ மூடிட்டாங்க. அவங்க டிஸ்கு ஒண்ணு வந்திருக்குது. அழிச்சிட்டுத்தான் விக்கணும்னு அந்த வீட்டம்மா சொன்னாங்க. அழிச்சிட்டு போடறேன்.”

“உள்ள என்னா இருக்குது?”

“ஸ்டுடியோ சாமான்தான். பழைய தமிழ் பான்ட்டு, போஸ்டர் மாடலு, போட்டோ சாப்ட்வேரு.”

“அப்ப அழிக்காத தம்பி. அதையெல்லாம் ஒண்ணொண்ணா நான் எங்க போய்த் தேடுவேன்? அப்படியே போட்டுக் குடு.”

“அந்தம்மா ரெண்டு தடவ சொன்னாங்கக்கா.”

“அவங்க வீட்டு கல்யாணப் படத்தையா நான் பாக்கப் போறேன்? போடு.”

தமிழில் டைப் அடித்துப் பிழைக்கும் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வருஷக்கணக்கில் சேர்த்த எழுத்து வகைகள் சும்மா கிடைக்கும்போது அழிக்கச் சொல்ல யாருக்கு மனம் வரும். ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி என்று பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கம்ப்யூட்டர் உண்மையிலேயே பறந்தது. அந்த சந்தோஷத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் ‘கண்’ என்று பெயரிட்ட போல்டரைப் பார்த்தாள்.

அது எதற்கு என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. உயிரோடு இருக்கும்வரை சில வீடுகளில் பெரியவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்ட பிறகு ஆளாளுக்குப் போனை நீட்டுவார்கள். அந்தப் படம்தான் போஸ்டருக்கு வரும். நெற்றிக் காசை எடுத்து, தாடைக் கட்டை அழித்து, மூடிய கண்ணைத் திறந்து கொடுப்பது மதிவதனியின் வேலை. வழக்கமாக மகனோ தம்பியோ யாருடைய படத்திலிருந்தாவது கண்ணை வெட்டி ஒட்டுவாள். அந்த ஸ்டுடியோக்காரர் கெட்டிக்காரர், இரவல் கண்களை முன்னதாகவே சேர்த்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் கன்னியம்மாள் என்ற கிழவியின் படம் வந்தது. போல்டரிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து வைத்தாள். அளவுகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை, இமைக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன. கிழவியின் மகன் போஸ்டரைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“எங்கம்மா இப்படித்தாங்க பாக்கும்,” என்றான் பிறகு. “உசுரோட பாக்கற மாதிரியே இருக்குது.”

அந்தப் பேச்சு பரவியது. அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். மதிவதனிக்கும் பெருமையாகத்தான் இருந்தது, கண்கள் இடப்பக்கம் திரும்பியிருந்ததைப் பார்க்கும் வரை. அன்றைக்கே இன்னொன்றையும் கவனித்தாள். அவள் எடுத்துப் பயன்படுத்திய ஜோடிகள் மட்டும் போல்டரில் மூடியிருந்தன. இமைகள் ஒட்டி, ஓரத்தில் ஈரம் மினுங்கியது. மூடிய கண்ணை யார் வெட்டி வைப்பார்கள்?

மேசையைத் தள்ளி எதிர்ச் சுவரோரம் போட்டாள். இப்போது கட்டில் அவளுக்கு வலப்பக்கம் வந்தது. ஜன்னல் வெளிச்சம் கூசுகிறது என்று அருள்ராஜிடம் காரணம் சொன்னாள். மறுநாள் காலை அபிநயாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, போல்டரைத் திறந்தாள். கண்கள் நேராக இருந்தன. அப்பாடா என்றிருந்தது. சாயங்காலம் குழந்தை வந்து கட்டிலில் ஏறி உட்கார்ந்து பென்சிலைச் சீவ ஆரம்பித்த பிறகு மறுபடி திறந்து பார்த்தாள். மூடாமல் மிச்சமிருந்த கண்கள் எல்லாம் வலப்பக்கம் பார்த்தன. அவை பார்த்தது சுவரை அல்ல, மேசையை அல்ல, அவளை அல்ல. அவள் பெற்ற பிள்ளையை.

முருகவேலுக்குப் போன் செய்தாள்.

“அந்த ஸ்டுடியோ வீட்டம்மா ஏன் அழிக்கச் சொன்னாங்கன்னு கேட்டுச் சொல்றியா தம்பி?”

“டிஸ்கு எதாவது மக்கர் பண்ணுதாக்கா?”

“டிஸ்கு நல்லாத்தான் இருக்குது. நீ கேட்டுச் சொல்லு.”

பௌர்ணமி அன்று மத்தியானம் வரை அவன் கூப்பிடவில்லை. அதற்கு மேல் மதிவதனிக்குப் பொறுக்கவில்லை. போல்டரை அழித்தாள். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். அழியும்போது பெட்டிக்குள் ஈரத் துணியைப் பிழிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பிறகு அமைதி. பெட்டிக்குள் சுற்றும் காற்றாடியின் சத்தம்கூட இல்லாத அமைதி. விட்டது சனி என்று நினைத்து, தலைக்குக் குளித்து, சாமி விளக்கை ஏற்றினாள்.

இருட்டும் நேரத்தில் ஒருவர் வந்து நின்றார். சட்டையில் மாலை நார் ஒட்டியிருந்தது. அப்பா சின்னசாமி காலையில் தவறிவிட்டாராம். படத்தைப் போனில் அனுப்பினார்.

“கண்ண மட்டும் தொறந்து குடுத்துடுங்க.”

“மூடியே இருக்கட்டுங்களே. தூங்கற மாதிரி அமைதியா இருக்குது.”

“அது ஆவாதுங்க. கண்ணு மூடின படத்த எங்க ஊர்ல சுவத்துல ஒட்ட மாட்டாங்க. உங்க பேரச் சொல்லித்தான் அனுப்பிச்சாங்க.”

துக்க வீட்டு ஆளை வெறும் கையோடு அனுப்ப அவளால் முடியவில்லை. அந்தப் போல்டர்தான் இப்போது இல்லையே என்றும் ஒரு தைரியம். அவரையே விளக்குக்குக் கீழே நிற்க வைத்துக் கண்ணைப் படம் எடுத்துக்கொண்டாள். நேராக அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறேன் என்று சொன்னாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கதவைத் தாழிட்டாள். தூரத்தில் கிரிவலப் பாதையின் ஒலிபெருக்கிச் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. கட்டிலில் அபிநயா ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். கிரேயான் தாளில் உரசும் சத்தம் கேட்டது. மதிவதனி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அறையில் எங்கிருந்தோ வாடிய ரோஜா மாலையின் வாசம். வந்தவர் விட்டுப்போன வாசம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. முருகவேல்.

“அக்கா, அந்தம்மாகிட்ட பேசினேன். காரணம்லாம் ஒண்ணும் சொல்லல. வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களான்னு மட்டும் கேட்டாங்க.”

“நீ என்னா சொன்ன?”

“ஒரு பொண்ணு இருக்குதுன்னேன். அவங்க போன வச்சுட்டாங்கக்கா.”

மதிவதனியும் போனை வைத்தாள். கிரேயான் சத்தம் நின்றிருந்தது. கை தானாக மௌஸை அழுத்த, சின்னசாமியின் படம் திறந்தது.

நெற்றியில் காசு. தாடையில் கட்டு. மூக்கில் பஞ்சு. எதையும் அவள் இன்னும் தொடவில்லை.

கண்கள் திறந்திருந்தன.

கிழவருடைய கண்கள் அல்ல. வெள்ளை விழி பளிச்சென்று இருந்தது. நீளமான இமைமயிர். கீழே மை. இடது கண்ணில் மைக்கோடு லேசாக இழுபட்டிருந்தது. சாயங்காலம் முகம் கழுவித் துடைத்த பிறகு, சும்மா இருக்காமல் தலையை ஆட்டிய பிள்ளைக்கு அவளே தீட்டிய மை.

“அம்மா,” என்றாள் அபிநயா.

மதிவதனியால் திரும்ப முடியவில்லை.

“அம்மா, கரண்ட் எப்பம்மா வரும்?”

ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பினாள். கட்டிலில், அத்தனை வெளிச்சத்துக்கும் நடுவில், அபிநயா கைகளை முன்னே நீட்டித் துழாவினாள். கிரேயான்கள் உருண்டு கீழே விழுந்தன. அவள் முகம் சற்றே சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு இமைகளும் ஒட்டியிருந்தன. ஓரத்தில் ஈரம்.

“இருட்டா இருக்குதும்மா. எங்க இருக்கற?”

மதிவதனி பிள்ளையிடமிருந்து திரையின் பக்கம் திரும்பினாள்.

திரையில், காசு வைத்த நெற்றிக்குக் கீழே, அந்தக் கண்கள் அசைந்தன. கட்டிலைப் பார்த்தன. கதவைப் பார்த்தன. அறை முழுவதும் தேடி, கடைசியில் அம்மாவைக் கண்டுகொண்டன. மை கரைந்து, செத்தவரின் கன்னத்தில் வழிய ஆரம்பித்தது.