கடைசி இடம் பிடித்த பாட்டு

"ஏங்க… ஏங்க, உங்களைத்தான்! துப்பட்டா!"

பனகல் பார்க் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். திரும்ப வேண்டியவள் மட்டும் திரும்பவில்லை.

மழை அப்போதுதான் பிடித்திருந்தது. அவளுடைய மஞ்சள் துப்பட்டாவின் நுனி வழுக்கி, ஓரமாக நின்ற ஆட்டோவின் பின்சக்கரத்தில் மாட்டியிருந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார். கத்திக்கொண்டிருந்தவன் பாய்ந்து வந்து வெடுக்கென்று இழுத்தான்…

துப்பட்டா பிழைத்தது. ரூபீனா தடுமாறித் திரும்பினாள்.

"என்ன தைரியம் உங்களுக்கு? துப்பட்டாவைப் பிடிச்சு இழுக்கறீங்க!"

"நான் இழுக்கலைன்னா அந்த ஆட்டோ இழுத்திருக்கும். எத்தனை தடவை கத்தறது? காது கேக்காதா உங்களுக்கு?"

சுருக்கென்றது ரூபீனாவுக்கு.

ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். ஆனால் அவளுக்கு அது வெறும் கேள்வி இல்லை. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து, போகும்போது வலது காதின் கேட்கும் சக்தியைக் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவன் கத்தியதும் வலது பக்கத்திலிருந்து. இடது காதிலோ இயர்போன்…

கண் கலங்கப் பார்த்தது. அதற்குள் அவளுடைய பழைய போன், ஒயர் பிடுங்கிக்கொண்ட கோபத்தில், ஊருக்கே கேட்கிற மாதிரி பாட ஆரம்பித்தது.

அவன் முகம் மலர்ந்தது.

"அட… 'எதிர்மாடி' படத்து மழைப் பாட்டு! மழையில நின்னு மழைப் பாட்டு… நல்ல ரசனைதாங்க. ஆனா என் கணக்குல இது நாலாவது இடம்தான்."

"நாலாவதா?" கலங்கவிருந்த கண் சட்டென்று விரிந்தது. "இதுதாங்க முதல் இடம்!"

"முதல் இடத்துக்கு ரயில் பாட்டு இருக்கே…"

"ரயில் பாட்டா? அது ரெண்டு சரணம் தாண்டினா தூக்கம் வந்துடும்!"

கோபம் எந்தப் பக்கம் போனது என்று அவளுக்கே தெரியவில்லை. 'எதிர்மாடி' வசனத்தைவிடப் பாட்டு அதிகமாக உள்ள படம். கதையையே பாட்டாகப் பாடிவிடுவார்கள். தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை. ரூபீனா படத்தைப் பார்த்ததும் இல்லை… தியேட்டரின் சத்தம் மொத்தமும் ஒற்றைக் காதில் வந்து மோதினால் தலைவலிதான் மிஞ்சும். ஆனால் பாட்டுகள் அவளுக்கு மனப்பாடம். தி.நகர் கடையில் பிளவுஸ்களுக்கு ஆரி எம்ப்ராய்டரி டிசைன் வரையும் நேரமெல்லாம் அவைதான் துணை. அவற்றை இன்னொருத்தரும் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார் என்றால்…

பஸ் வந்தது. "இன்னாம்மா, பேசிக்கினே நிப்பியா? ஏறு ஏறு!" என்றார் கண்டக்டர்.

இருவரும் அதே பஸ்ஸில்தான் ஏறினார்கள். அவளுக்கு வீடு மயிலாப்பூர் கச்சேரி ரோடு. அவனுக்கு லஸ். பாண்டி பஜாரில் அண்ணன் நடத்தும் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவன். பெயர் அப்துல் சமத்.

"பேர்தான் சமத். சமத்து கொஞ்சம்கூட இல்ல," என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

"காதுல விழுந்துச்சுங்க," என்று சிரித்தான் அவன்.

அதற்குப் பிறகு சாயங்கால பஸ் தானாகவே சேர்த்துவைத்தது. ஒரு பயணத்துக்கு ஒரு பாட்டு என்று ஒப்பந்தம். எந்த இடம், ஏன் அந்த இடம்… இரண்டு பேரும் வாதாட வேண்டும். கல்யாணப் பாட்டை அவள் மூன்றாவதாக வைத்தாள். அவன் அதைப் பாட்டு என்றே ஒப்புக்கொள்ளவில்லை. மீன் மார்க்கெட் பாட்டுக்கு மட்டும் இரண்டு பேரும் இரண்டாம் இடம் கொடுத்தார்கள். அன்று பேச எதுவும் கிடைக்காமல் தேனாம்பேட்டை வரை இருவரும் சும்மா சிரித்துக்கொண்டே வந்தார்கள்…

அவள் உட்கார்ந்திருப்பாள், அவன் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் நிற்பது வலது பக்கம். அதனால் அவன் பேசும்போதெல்லாம் அவள் முழுசாகத் திரும்பி, முகத்தை நிமிர்த்தி, அவன் உதட்டையும் கண்ணையும் பார்த்தபடி கேட்பாள்.

"நாள் பூரா யாரோட கண்ணையாவது பார்த்துக்கிட்டே இருக்கிறவன் நான்," என்றான் ஒருநாள், குரலைத் தாழ்த்தி. "ஆனா நீங்க கேக்கற மாதிரி… இப்படி யாரும் என்னைப் பார்த்துக் கேட்டதில்லைங்க."

ரூபீனாவின் நெஞ்சில் ஒரு பூவும் ஒரு முள்ளும் சேர்ந்து முளைத்தன.

'இவன் விரும்புவது என் பார்வையையா… இல்லை, என் குறையையா?'

வீட்டில் அம்மா அன்வரி பேகம், அவளுக்கு அம்மி, சொன்னது நினைவுக்கு வந்தது. போன வருஷம் திருவல்லிக்கேணியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா வலது பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்டிருக்கிறார். ரூபீனா பதிலே சொல்லாமல் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். "பொண்ணுக்குத் திமிரு" என்று எழுந்துவிட்டார்கள். அம்மி பதறிப்போய் உண்மையைச் சொன்னதும், அந்தச் சம்பந்தம் அப்படியே நின்றது. அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம்… "நிக்காஹ் முடியற வரைக்கும் காதைப் பத்தி வாயைத் திறக்காதே."

ஒப்பந்தத்தில் கடைசிப் பாட்டு மிச்சம் இருந்தது. மாடிப் பாட்டு.

"இதுக்கு நான் குடுக்கறது கடைசி இடம்," என்றாள் ரூபீனா.

"ஐயோ! ஏங்க?"

"பின்னே? அவன் பாவம், இந்த மாடியில நின்னு கெஞ்சிக் கெஞ்சிப் பாடறான். எதிர்மாடியில நிக்கறவ வாயே திறக்கல. எவ்வளவு திமிரு பாருங்க…"

சமத் கடகடவென்று சிரித்தான். "கிண்டல் பண்றீங்களா? பாட்டு பூரா அவ பதில் சொல்லிக்கிட்டே இருக்காளே! அவன் குரல் இந்தக் காதுல, அவ குரல் அந்தக் காது…"

நிறுத்தினான்.

அவன் கண் அவளுடைய இடது காதில் தொங்கிய இயர்போனுக்குப் போனது. அங்கிருந்து வலது காதுக்கு. பஸ் ஸ்டாப், துப்பட்டா, திரும்பாத முகம்… எல்லாம் அந்தக் கண்ணில் ஒவ்வொன்றாகப் புரிவதை ரூபீனா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரூபீனா… நான்…"

ஆழ்வார்பேட்டை ஸ்டாப்பிங்கில் கொட்டுகிற மழையில் இறங்கிவிட்டாள். அவன் கூப்பிட்டானா என்று தெரியவில்லை. கூப்பிட்டிருந்தால், அது எந்தப் பக்கமோ…

அடுத்த நாளிலிருந்து அவள் வேறு பஸ்.

'பாவம் பார்ப்பான். நாளைக்கு மெதுவாகப் பேசுவான், சத்தமாகப் பேசுவான், குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவான்… வேண்டாம்.'

ஆனால் மாடிப் பாட்டைப் பற்றி அவன் பாதியில் விட்ட வாக்கியம் மட்டும் விடவில்லை. ஒரு சாயங்காலம் அம்மி தொழுதுகொண்டிருந்தபோது, ரூபீனா அறைக் கதவைச் சாத்தினாள். மாடிப் பாட்டைப் போட்டாள். வழக்கமாக அநாதையாகத் தொங்கும் வலது பக்க இயர்போனை எடுத்து, இடது காதில் வைத்தாள்.

ஒரு பெண் பாடினாள்.

இத்தனை நாள் கேட்காத குரல். வாசலில் யாரும் இல்லையா என்று அவன் கேட்கும் இடத்தில், நான்தான் நிற்கிறேனே என்கிறாள். கதவு திறக்குமா என்று அவன் கேட்கும் இடத்தில், என் வீட்டுக்குத் தாழ்ப்பாளே இல்லை என்கிறாள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில்… ஒன்றையும் விடவில்லை.

'உன்னைப் போய்த் திமிர் பிடித்தவள் என்றேனே…'

அந்தப் பெரியம்மா தன்னைச் சொன்ன அதே வார்த்தை. ரூபீனா முழங்காலில் முகம் புதைத்து அழுதாள். அழுது முடித்தபோது ஏனோ மனது லேசாகியிருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தது அந்தப் பாட்டுக்காரி இல்லை… தான்தான்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டி பஜாரில் அவள் கண்ணாடிக் கடையின் கதவைத் தள்ளினாள். கவுண்டரில் இருந்த ஜெயலக்ஷ்மி அக்கா நிமிர்ந்தாள்.

"இன்னாம்மா, கண்ணு டெஸ்டா? உள்ள போ. ஒரு வாரமா எங்க சாருக்கே மூஞ்சி சரியில்ல… பஸ் ஸ்டாப்பாண்ட போய் நின்னுக்கினு நின்னுக்கினு வர்றாரு."

சிறிய அறை. மங்கின வெளிச்சம். அவளைக் கண்டதும் சமத் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"கண்ணு… டெஸ்ட் பண்ணணும்," என்றாள் ரூபீனா.

நாற்காலியில் உட்காரவைத்தான். தன் ஸ்டூலை வழக்கம்போல் வலது பக்கம் போட்டவன், உடனே அதைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் வந்தான். அவ்வளவுதான்… அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். காய்ச்சல், காது, திருவல்லிக்கேணிச் சம்பந்தம், அம்மியின் சட்டம், எல்லாம்.

"அன்னிக்குக் காது கேக்காதான்னு கேட்டேனே," என்றான் அவன் கடைசியில். "அந்த வார்த்தை இன்னும் உறுத்துதுங்க. மன்னிச்சிடுங்க. பஸ்லயும்… நீங்களா சொல்றதுக்கு முன்னாடி நானா தெரிஞ்சுக்கிட்டேன். திருடின மாதிரி இருந்தது."

"பாவம் பாக்கறீங்களோன்னு நினைச்சேன்."

"பாவமா? ரயில் பாட்டைத் தூக்கப் பாட்டுன்னு சொன்னவங்க மேல கோபம்தான் வரும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முள் மட்டும் இன்னும் இருந்தது.

"இன்னொண்ணு… பஸ்ல நான் திரும்பினது உங்களைப் பாக்கறதுக்கு இல்ல. நல்ல காதைத் திருப்பறதுக்கு. அது தெரியாம நீங்க…"

"காதைத் திருப்பறதுக்குக் கழுத்து போதுமே," என்றான் சமத். "கண்ணு எதுக்கு வந்துச்சு?"

ரூபீனாவுக்குக் கன்னம் சுட்டது. நல்லவேளை, வெளிச்சம் குறைவு.

"மாடிப் பாட்டு இப்போ எந்த இடம்?" என்று காப்பாற்றினான்.

"ரெண்டு."

"முதல் இடம்?"

"மழைப் பாட்டுதான். அதுல மாத்தமே இல்ல."

"பிடிவாதம்…" என்று முணுமுணுத்தபடி சோதனைக் கண்ணாடியை அவள் முகத்தில் மாட்டினான். ஒரு லென்ஸைச் செருகினான். எதிர்ச் சுவரில் எழுத்துகள் ஒளிர்ந்தன. "கடைசி வரியைப் படிங்க."

கனமான வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது வசதியாக இருந்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம். ரூபீனா மூச்சை இழுத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டுவதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"எனக்கு… சமத்தைப்… பிடிச்சிருக்கு."

அவன் கையில் இருந்த லென்ஸ் தட்டில் டங்கென்று விழுந்தது.

"அந்த வரியில… ப, ட, ம, ர… அவ்வளவுதாங்க இருக்கு."

"என் கண்ணுக்கு அப்படித்தான் தெரியுது. வேணும்னா லென்ஸை மாத்திப் பாருங்க."

மாற்றினான். "இப்போ?"

"இப்போ இன்னும் பெருசாத் தெரியுது."

பிறகு அவனே அந்தக் கண்ணாடியை மெல்லக் கழற்றினான். எதிரே ஈரமாகிவிட்ட இரண்டு கண்கள்… அவனுடையவை.

"உங்க அம்மிகிட்ட நான் எப்போ வந்து பேசட்டும்?"

"நாளைக்கே வாங்க. ஆனா காதைப் பத்தி முதல்ல நான் பேசிடுவேன். உங்க வீட்லயும் நானே சொல்லுவேன். ஒளிக்கறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல." நிறுத்தி, அவனை நேராகப் பார்த்தாள். "ஆமா… நீங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையே?"

"எனக்கும் உங்களைத்தான் பிடிச்சிருக்கு," என்றான், காற்றுக்கும் கேட்காத குரலில்.

"சத்தமா சொல்லுங்க!"

"எனக்கு ரூபீனாவைத்தான் பிடிச்சிருக்கு!"

கவுண்டரிலிருந்து ஜெயலக்ஷ்மி அக்காவின் சிரிப்பும், யாரோ வாடிக்கையாளர் கை தட்டுவதும் கேட்டன. ரூபீனாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது… ஆனாலும், இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.